வீட்டை விற்ற பின்னரும் தொடரும் மின், குடிநீர்க் கட்டண ரசீதுகள்: பெங்களூருவில் உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

பெங்களூரு: வாடகைக்கு விட்டிருந்த வீட்டை விற்று, கிரயப் பத்திரம் பதிவாகி, சாவியும் கைமாறிவிட்ட பிறகு, விற்றவரின் கைப்பேசிக்கு மின் கட்டண நிலுவை குறித்த குறுஞ்செய்தி வருவது பெங்களூருவில் அரிதான நிகழ்வு அன்று. சில சமயம் அது கடைசி மாதத்திற்கான சிறு தொகையாக இருக்கும். சில சமயம் குடியிருந்தவர் மாதக்கணக்கில் செலுத்தாமல் விட்ட தொகையாகவோ, வாங்கியவர் பயன்படுத்திய மின்சாரத்திற்கான தொகையாகவோ இருக்கும். இந்தத் தொகையைச் செலுத்த வேண்டியவர் யார், செலுத்த மறுத்தால் என்ன நேரும், இத்தகைய நிலையை முன்கூட்டியே தவிர்ப்பது எவ்வாறு என்பவை குறித்த விளக்கம் வருமாறு.

பத்திரம் மாறும், இணைப்பு மாறாது

சொத்தின் உரிமை மாறுவதும், மின் இணைப்பின் பெயர் மாறுவதும் வெவ்வேறு நடைமுறைகள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவானதும் சொத்தின் உரிமை வாங்கியவருக்குச் செல்கிறது. மாநகராட்சிப் பதிவேட்டில் கட்டா மாற்றம் செய்யப்படுகிறது. ஆனால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் வைத்திருக்கும் நுகர்வோர் பதிவிலும், பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியத்தின் பதிவிலும், உரிய விண்ணப்பம் அளித்து மாற்றப்படும் வரை பழைய உரிமையாளரின் பெயரே நீடிக்கும். பத்திரப் பதிவு நடந்ததாலேயே இந்தப் பெயர்கள் மாறிவிடுவதில்லை.

பெஸ்காம் நிறுவனம் 2002 ஆம் ஆண்டு முதல் பெங்களூரு நகரம், ஊரகம் உள்ளிட்ட 8 மாவட்டங்களில் மின் விநியோகம் செய்து வருகிறது. ஒவ்வொரு இணைப்பும் ஆர்.ஆர். எண் எனப்படும் வருவாய்ப் பதிவேட்டு எண்ணாலும், கணக்கு எண்ணாலும் அடையாளம் காணப்படுகிறது. 1964 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட குடிநீர் வாரியமும் தனக்கென ஆர்.ஆர். எண் முறையைப் பின்பற்றுகிறது. இந்த எண்ணுக்கு எதிராக எந்தப் பெயரும் கைப்பேசி எண்ணும் பதிவாகியுள்ளனவோ, அவற்றுக்கே ரசீதும் நினைவூட்டலும் செல்கின்றன.

இங்கு மற்றொரு செய்தியும் கவனத்திற்குரியது. காவேரி 2.0 இணையதளத்தில் பெறப்படும் வில்லங்கச் சான்றிதழ், பதிவு செய்யப்பட்ட பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும். மின் கட்டணமோ, குடிநீர்க் கட்டணமோ, அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணமோ பாக்கி இருந்தால் அது அந்தச் சான்றிதழில் இடம்பெறாது. வில்லங்கம் ஏதும் இல்லை என்று சான்று பெற்ற வீட்டிலும் கட்டண நிலுவை இருக்கக்கூடும். ஆகவே விற்பவரும் வாங்குபவரும் இதைத் தனியாகச் சரிபார்ப்பதே முறை.

எதிர்பாராத ரசீது எங்கிருந்து வருகிறது?

முதலாவது, கணக்கீட்டுச் சுழற்சி. பெங்களூருவில் வீடுகளுக்கு மாதந்தோறும் மின் கணக்கீடு நடைபெறுகிறது. வீடு கைமாறும் நாளும் கணக்கெடுப்பு நாளும் ஒன்றாக அமைவது அரிது. எனவே கைமாறிய மாதத்தின் ரசீதில் இருவரின் பயன்பாடும் கலந்திருக்கும்.

இரண்டாவது, குடியிருந்தவர் விட்டுச்சென்ற பாக்கி. வாடகை ஒப்பந்தப்படி மின் கட்டணம் குடியிருப்பவரின் பொறுப்பாக இருந்தாலும், மின் நிறுவனத்தைப் பொறுத்தவரை நுகர்வோர் என்பவர் இணைப்பைத் தம் பெயரில் வைத்திருப்பவரே. குடியிருப்பவருக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஏற்பாடு மின் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.

மூன்றாவது, பூட்டிய வீடு. விற்பனைக்காகக் காலியாக வைக்கப்பட்ட வீட்டிற்கும் நிலையான கட்டணம் உண்டு. கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2025 மார்ச்சில் பிறப்பித்த ஆணைப்படி, 2025-26 நிதியாண்டில் வீட்டு இணைப்புகளுக்கான நிலையான கட்டணம் அனுமதிக்கப்பட்ட மின்பளுவில் கிலோவாட் ஒன்றுக்கு மாதம் 145 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. அந்த விகிதப்படி, 3 கிலோவாட் இணைப்பு கொண்ட வீட்டில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் மாதம் 435 ரூபாய் சேர்ந்தது. கதவு பூட்டியிருந்ததால் மீட்டரைப் பார்க்க இயலாத மாதங்களுக்குச் சராசரி அடிப்படையில் ரசீது போடப்பட்டிருந்தால், பின்னர் உண்மையான அளவு பதிவாகும்போது வேறுபாடு ஒரே தொகையாக வந்து சேரும்.

நான்காவது, கூடுதல் காப்பு வைப்புத் தொகை. இரண்டு மாதங்களின் சராசரிப் பயன்பாட்டிற்கு ஈடாக வைப்புத் தொகை இருக்க வேண்டும் என்பது நடைமுறை. பயன்பாடு உயர்ந்திருந்தால், பற்றாக்குறையைச் செலுத்துமாறு அறிவிப்பு வரும். வாங்கியவர் அதிக மின்சாரம் பயன்படுத்தியதால் எழுந்த கோரிக்கையும், பெயர் மாறாத நிலையில் விற்றவருக்கே வந்து சேரும்.

ஐந்தாவது, பயன்பாட்டு வகை மாற்றம். வீட்டு இணைப்பில் கடையோ தங்கும் விடுதியோ நடத்தப்பட்டதாக ஆய்வில் கண்டறியப்பட்டால், 2003 ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126 ஆவது பிரிவின்கீழ் உரிய கட்டண விகிதத்தைப் போல் இரு மடங்கு மதிப்பிடப்படலாம். எந்தக் காலம் முதல் அவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பது தெரியாத நிலையில், ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் வரை கணக்கிட அச்சட்டம் இடமளிக்கிறது. வீட்டைத் தங்கும் விடுதி நடத்துவோருக்கு வாடகைக்கு விட்டிருந்தவர்கள் இதனை நினைவில் கொள்வது நலம்.

கிருக ஜோதித் திட்டத்தால் எழும் கவனக்குறைவு

கர்நாடக அரசின் கிருக ஜோதித் திட்டம் 2023 ஜூலை மாதப் பயன்பாட்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. மாதம் 200 யூனிட் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, 2022-23 ஆம் ஆண்டின் சராசரிப் பயன்பாட்டுடன் 10 சதவீதம் சேர்த்துக் கணக்கிடப்படும் அளவு வரை இலவச மின்சாரம் வழங்கப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்போரும் தங்கள் ஆதார் எண்ணை அவ்வீட்டு இணைப்புடன் சேர்த்துப் பயன்பெறலாம்.

இத்திட்டத்தால் பல வாடகை வீடுகளின் ரசீதுகள் மாதக்கணக்கில் பூஜ்ஜியத் தொகையுடனே வந்தன. அதனால் உரிமையாளர்கள் ரசீதைப் பார்ப்பதையே விட்டுவிடும் நிலை உண்டாகிறது. ஆனால் ஒரு மாதத்தில் பயன்பாடு 200 யூனிட்டைக் கடந்தால், அம்மாதத்தின் முழுத் தொகையும் செலுத்தத்தக்கதாகிவிடும். அதைக் குடியிருந்தவர் கட்டாமல் விட்டால், நிலுவை அமைதியாக வளரும். வீடு விற்பனைக்கு வரும்போது, கடைசி ரசீதை மட்டும் பார்த்து நிறைவடையாமல், குறைந்தது ஓராண்டுக்கான கணக்கு விவரத்தையும் பார்ப்பது பாதுகாப்பானது.

வீட்டைக் காலி செய்யும் குடியிருப்பாளர் தமது ஆதார் இணைப்பை நீக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. அது நீக்கப்படாவிட்டால், அவர் அடுத்த வீட்டில் சலுகை பெறுவதிலும், புதிதாக வருபவர் இவ்வீட்டில் சலுகை பெறுவதிலும் சிக்கல் எழலாம். வைப்புத் தொகையைத் திருப்பித் தருவதற்கு முன் இதனையும் முடித்துக்கொள்ளுமாறு கேட்பது இரு தரப்புக்கும் நன்மை.

சட்டம் என்ன கூறுகிறது?

1882 ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55 ஆவது பிரிவு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், விற்பனை நாள் வரை சேர்ந்த பொதுக் கட்டணங்களை விற்பவரும், உரிமை மாறிய பின் எழும் கட்டணங்களை வாங்குபவரும் செலுத்த வேண்டும் என வகுத்துள்ளது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பொறுப்புப் பிரிவினைக்கு இதுவே அடிப்படை. மின் கட்டணம் இவ்விதியின் பொருளில் பொதுக் கட்டணம் ஆகுமா என்ற வாதத்திற்கு இடம் தராமல், கிரய ஒப்பந்தத்திலேயே மின்சாரம், குடிநீர், எரிவாயு, பராமரிப்பு எனப் பெயர் குறிப்பிட்டு எழுதிக்கொள்வதே உறுதியான வழி.

மின் நிறுவனத்திற்கும் நுகர்வோருக்கும் இடையிலான உறவு வேறு. அதில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகள் முக்கியமானவை. 1995 ஆம் ஆண்டு இஷா மார்பிள்ஸ் வழக்கில், முந்தைய உரிமையாளரின் மின் கட்டண பாக்கியை ஏலத்தில் சொத்து வாங்கியவரிடம் கோர இயலாது என்று அந்நீதிமன்றம் கூறியிருந்தது. பின்னர் 2023 மே 19 அன்று, கேரள மாநில மின்சார வாரியத்திற்கு எதிரான கே.சி.நினான் வழக்கில், அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு இவ்விவகாரத்தை விரிவாக ஆராய்ந்தது.

பழைய நிலுவையைச் செலுத்தினால்தான் புதிய இணைப்போ மறு இணைப்போ வழங்கப்படும் என்று மின் வழங்கல் விதிகளில் நிபந்தனை வைத்திருந்தால் அது செல்லும் என அந்த அமர்வு தீர்ப்பளித்தது. அதே வேளையில், சட்டத்தில் வெளிப்படையாகக் கூறப்படாத வரை மின் நிலுவை தானாகவே சொத்தின் மீதான பற்றாக மாறிவிடாது என்றும் தெளிவுபடுத்தியது. அவ்வழக்குகள் ஏல விற்பனை தொடர்பானவை. ஆயினும், பழைய நிலுவை புதிய உரிமையாளரை எவ்வாறு தொடரக்கூடும் என்பதை அவை உணர்த்துகின்றன.

இதன் நடைமுறை விளைவு இரண்டு. இணைப்பைத் தம் பெயரில் வைத்திருந்தவர் என்ற முறையில் விற்றவர் மீதான பொறுப்பு, வீடு கைமாறியதால் மறைந்துவிடாது. அவர் செலுத்தாவிட்டால், மின்சாரம் தடைபடும் இன்னல் வாங்கியவருக்கு நேரலாம். எனவே ஒருவர் மற்றவர் மீது பொறுப்பைச் சுமத்திக் காத்திருப்பது இருவருக்கும் பயன் தராது.

இரண்டு ஆண்டு வரம்பு எதற்குப் பொருந்தும்?

பழைய பாக்கி என்றாலே இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. மின்சாரச் சட்டத்தின் 56 ஆவது பிரிவின் 2 ஆவது உட்பிரிவு, ஒரு தொகை முதன்முதலில் செலுத்தத்தக்கதான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதை வசூலிக்க இயலாது என்று கூறுவது உண்மையே. ஆனால் அத்தொகை தொடர்ந்து நிலுவையாக ரசீதுகளில் காட்டப்பட்டு வந்திருந்தால் இந்த வரம்பு பொருந்தாது.

மேலும், 2020 பிப்ரவரி 18 அன்று ராஜஸ்தானைச் சேர்ந்த ரஹமத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், ரசீது வழங்கப்பட்ட பிறகே தொகை செலுத்தத்தக்கதாகிறது என்று விளக்கியது. 2009 ஜூலை முதல் 2011 செப்டம்பர் வரையிலான காலத்திற்குக் கட்டண வகை தவறாகக் கணக்கிடப்பட்டதாகக் கூறி 2014 இல் எழுப்பப்பட்ட கோரிக்கை குறித்த வழக்கு அது. தவறு கண்டறியப்பட்ட பின் கூடுதல் தொகை கோர நிறுவனத்திற்குத் தடையில்லை. ஆனால் அதற்காக மின் இணைப்பைத் துண்டிக்க இயலாது என்று நீதிமன்றம் கூறியது. துண்டிப்பு அதிகாரம் முடிவுக்கு வந்தாலும் உரிமையியல் வழக்கு மூலம் வசூலிக்கும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு என்பதை நினான் தீர்ப்பும் உறுதி செய்தது. ஆக, காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தை நம்பி ரசீதைப் புறக்கணிப்பது ஏற்புடையது அன்று.

விற்பவருக்கான வலுவான பாதுகாப்பு

இந்நிலையில் விற்பவருக்குத் துணை நிற்பது, மத்திய மின்துறை அமைச்சகம் 2020 டிசம்பர் 31 அன்று வெளியிட்ட மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகள். வீட்டில் குடியிருப்பவர் மாறும்போதோ வீடு காலியாகும்போதோ, நுகர்வோர் கோரிக்கை விடுத்தால், மின் நிறுவனம் சிறப்பு மீட்டர் கணக்கெடுப்பு நடத்தி, அந்நாள் வரையிலான அனைத்து நிலுவைகளையும் சேர்த்து இறுதி ரசீது வழங்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன.

இறுதி ரசீது வழங்கப்பட்ட பிறகு, அதற்கு முந்தைய காலத்திற்கு அதில் குறிப்பிடப்படாத வேறு எந்தத் தொகையையும் வசூலிக்கும் உரிமை நிறுவனத்திற்கு இல்லை. அத்தொகை செலுத்தப்பட்டதும் 7 நாட்களுக்குள் நிலுவையின்மைச் சான்று அளிக்கப்பட வேண்டும். பலரும் இந்த உரிமையைக் கோராமல், கடைசி மாத ரசீதைக் கட்டியதுடன் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகின்றனர். கடைசி மாத ரசீது என்பது இறுதி ரசீது அன்று. பின்னாளில் எழும் திருத்தக் கோரிக்கைகளிலிருந்து காப்பது இறுதி ரசீதும் நிலுவையின்மைச் சான்றுமே.

விற்றவரின் பணமும் அங்கே இருக்கிறது

கட்டணத்தைப் பற்றிய கவலையில் மறக்கப்படுவது காப்பு வைப்புத் தொகை. இணைப்பு பெறும்போது செலுத்திய வைப்பும், பின்னர் அவ்வப்போது சேர்க்கப்பட்ட கூடுதல் வைப்பும் பதிவுபெற்ற நுகர்வோரின் பணமாகும். மின்சாரச் சட்டத்தின் 47 ஆவது பிரிவின்படி, இதற்கு வங்கி விகிதத்திற்குக் குறையாத வட்டி வழங்கப்பட வேண்டும். வைப்பை அளித்தவர் கோரும்போது அதைத் திருப்பித் தரவும் அப்பிரிவு வழி செய்கிறது.

பெயர் மாற்றத்தின்போது இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வைப்புத் தொகையை வாங்குபவரின் பெயருக்கு மாற்ற விற்பவர் எழுத்துப்பூர்வ ஒப்புதல் அளித்து, அதற்கு ஈடான தொகையை அவரிடம் பெற்றுக்கொள்ளலாம். அல்லது வாங்குபவர் புதிதாக வைப்பு செலுத்த, விற்பவர் தமது தொகையைத் திரும்பப் பெறலாம். பெயர் மாற்ற விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன் வைப்பின் இருப்பு எவ்வளவு என்று ரசீதிலோ உபகோட்ட அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்வது, விற்பவருக்குப் பணம் மிச்சமாகும் செயலாகும்.

ரசீது வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் அது உண்மையான ரசீதா என்று பார்க்க வேண்டும். இன்றிரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்ற வாசகத்துடன் வரும் குறுஞ்செய்திகள் மூலம் நாடு முழுவதும் மோசடிகள் நடந்துள்ளன. குறுஞ்செய்தியில் உள்ள இணைப்பையோ எண்ணையோ பயன்படுத்தாமல், பெஸ்காம் இணையதளத்திலோ பெஸ்காம் மித்ரா செயலியிலோ கணக்கு எண்ணைப் பதிந்து நிலுவையைச் சரிபார்க்கலாம். பெஸ்காமின் உதவி எண் 1912. குடிநீர் வாரியத்தின் உதவி எண் 1916. பணம் இழந்திருந்தால் தாமதமின்றி 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்க வேண்டும்.

ரசீது உண்மையானது எனில், அடுத்த கேள்வி அது எந்தக் காலத்திற்கு உரியது என்பது. ரசீது வந்த நாளையோ கெடு நாளையோ கொண்டு பொறுப்பைத் தீர்மானிக்கக் கூடாது. முந்தைய மீட்டர் அளவு, தற்போதைய மீட்டர் அளவு, கணக்கெடுப்பு நாட்கள் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஜூன் 1 அன்று மீட்டரில் 14,200 யூனிட் இருந்தது என்று கொள்வோம். ஜூன் 11 அன்று வீடு கைமாறியபோது 14,260. ஜூலை 1 அன்று 14,440. அம்மாதத்தின் மொத்தப் பயன்பாடு 240 யூனிட். மீட்டர் அளவின்படி விற்றவரின் பங்கு 60 யூனிட், வாங்கியவரின் பங்கு 180 யூனிட். கைமாறிய நாளின் அளவு குறிக்கப்படாமல், நாட்களைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கு என்று பிரித்தால் விற்றவரின் தலையில் 80 யூனிட் விழும். நிலையான கட்டணத்தை நாள் கணக்கில் பிரிப்பது பொருத்தம். பயன்பாட்டுக் கட்டணத்தை மீட்டர் அளவின்படி பிரிப்பதே நியாயம். 240 யூனிட் என்பது 200 யூனிட்டைக் கடந்துவிட்டதால் அம்மாதத்திற்குக் கிருக ஜோதிச் சலுகையும் கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காலம் பிரிக்கப்பட்ட பின், தம் காலத்திற்கு உரிய தொகையைச் செலுத்தி ரசீதைப் பாதுகாக்க வேண்டும். வாங்கியவரின் காலத்திற்கு உரியது எனில், அவருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, கிரயப் பத்திரத்தின் நகல், ஒப்படைப்புக் கடிதம், கைமாறிய நாளின் மீட்டர் படம் ஆகியவற்றுடன் உபகோட்ட உதவி செயற்பொறியாளருக்கு மனு அளித்து ஒப்புகை பெற வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடு செய்திருந்தால், அதனை ரத்து செய்வது அவசியம். இதை மறந்தவர்கள் வாங்கியவரின் மின் கட்டணத்தை மாதக்கணக்கில் தாமே செலுத்தி வருவதும் உண்டு.

குடியிருந்தவரின் பாக்கி எனில், அவருடைய முன்பணம் யாரிடம் உள்ளது என்பதைப் பொறுத்து நடவடிக்கை அமையும். குடியிருப்பாளருடனேயே வீடு விற்கப்பட்டிருந்தால், முன்பணம் பொதுவாக வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். ஒப்படைக்கும் முன் பாக்கியைக் கழித்து, மூவரும் கையொப்பமிட்ட கணக்குத் தாள் வைத்துக்கொண்டால் பிற்காலப் பூசல் இராது.

இணைப்பைத் துண்டிப்பதாக அறிவிப்பு வந்தால்

கட்டணம் செலுத்தாததற்காக மின் இணைப்பைத் துண்டிக்க, 15 முழு நாட்கள் அவகாசத்துடன் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தரப்பட வேண்டும் என்று 56 ஆவது பிரிவு கூறுகிறது. தொகை குறித்துத் தகராறு இருந்தால், கோரப்பட்ட தொகையையோ முந்தைய 6 மாதச் சராசரியின்படி ஒவ்வொரு மாதத்திற்கும் வரும் தொகையையோ, இவற்றில் குறைவானதை, எதிர்ப்பைப் பதிவு செய்து செலுத்தினால், தகராறு தீரும் வரை இணைப்பைத் துண்டிக்க இயலாது. வீட்டில் தற்போது வசிக்கும் வாங்கியவருக்கு இது பெரிதும் பயன்படும். விற்றவரின் பாக்கியைத் தாம் கட்ட நேர்ந்தால், 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 69 ஆவது பிரிவின்கீழ் அத்தொகையை அவரிடமிருந்து திரும்பக் கோர வழி உண்டு.

எங்கு முறையிடலாம்?

உபகோட்ட அலுவலகத்தில் தீர்வு கிடைக்காவிட்டால், மின்சாரச் சட்டத்தின் 42 ஆவது பிரிவின்கீழ் அமைக்கப்பட்டுள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்தை அணுகலாம். அதன் முடிவில் நிறைவு இல்லையெனில் மின்சாரக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆனால் 126 ஆவது பிரிவின்கீழ் செய்யப்பட்ட மதிப்பீட்டை எதிர்த்து நுகர்வோர் ஆணையத்திற்குச் செல்ல இயலாது என்று 2013 ஆம் ஆண்டு அனிஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதற்கு 30 நாட்களுக்குள், மதிப்பிடப்பட்ட தொகையில் பாதியைச் செலுத்தி, 127 ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீட்டு அதிகாரியையே அணுக வேண்டும். இக்கெடு தவறினால் வாய்ப்பு கைநழுவும் என்பதால், இத்தகைய அறிவிப்பு வந்தவுடன் வழக்கறிஞரின் ஆலோசனை பெறுவது நல்லது.

குடிநீர், எரிவாயு, பராமரிப்பு, வரி

பெங்களூருவில் குடிநீர்க் கட்டணம் 2014 ஆம் ஆண்டுக்குப் பின் முதன்முறையாக 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்டது. தனி வீடுகளில் வாரியத்தின் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும் என்பதால், மின்சாரத்தைப் போன்றே கைமாறும் நாளில் மீட்டர் அளவைக் குறித்து, நிலுவையைச் செலுத்தி, பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் மொத்த இணைப்பு சங்கத்தின் பெயரில் இருக்கும். அங்கு குடிநீர்க் கட்டணமும் ஜெனரேட்டர் கட்டணமும் பராமரிப்புத் தொகையில் சேர்ந்துவிடும்.

1972 ஆம் ஆண்டு கர்நாடக அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, விற்பனை நாள் வரை செலுத்தப்படாத பொதுச் செலவுகளுக்கு விற்பவரும் வாங்குபவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவர். ஆகவே சங்கத்தின் நிலுவையின்மைச் சான்று இன்றி வீட்டை வாங்குவது இடருக்கு உரியது. குழாய் எரிவாயு இணைப்பு இருந்தால் அதன் மீட்டர் அளவும் வைப்புத் தொகையும் கவனிக்கப்பட வேண்டும்.

சொத்து வரியிலும் பின்னாளில் கோரிக்கை எழலாம். பெங்களூருவில் 2008 ஆம் ஆண்டு அறிமுகமான அலகுப் பரப்பு மதிப்பு முறையில், வாடகைக்கு விடப்பட்ட வீட்டின் அலகு மதிப்பு, சொந்தப் பயன்பாட்டு வீட்டினதைப் போல் இரு மடங்காக வகுக்கப்பட்டது. வாடகைக்கு விட்டிருந்தும் சொந்தப் பயன்பாடு என அறிவித்து வரி செலுத்தியிருந்தால், வேறுபாட்டுத் தொகைக்கு அறிவிப்பு வர இடமுண்டு. விற்பனைக்கு முன்பே இதைச் சரிசெய்வது விற்பவரின் பொறுப்பு.

விற்பனைக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

* கடந்த 12 மாத மின், குடிநீர்க் கணக்கு விவரங்களைப் பெற்று, நிலுவை உள்ளதா எனப் பார்த்தல்.

* கிரய ஒப்பந்தத்தில், சாவி ஒப்படைக்கும் நாளை எல்லையாகக் கொண்டு கட்டணப் பொறுப்பைப் பிரித்து எழுதுதல். பெயர் மாற்றத்திற்குக் கெடு நாள் குறித்தல்.

* சிறப்பு மீட்டர் கணக்கெடுப்புக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, இறுதி ரசீதும் நிலுவையின்மைச் சான்றும் பெறுதல்.

* ஒப்படைப்பு நாளில் மீட்டர் எண்ணும் அளவும் தெரியும்படி படம் எடுத்து, ஒப்படைப்புக் கடிதத்தில் குறித்து இருவரும் கையொப்பமிடுதல்.

* காப்பு வைப்புத் தொகையைத் திரும்பப் பெறுதல் அல்லது வாங்குபவரிடம் ஈடு பெறுதல்.

* குடியிருந்தவரின் கிருக ஜோதி ஆதார் இணைப்பை நீக்கச் செய்தல்.

* தானியங்கிக் கட்டண ஏற்பாட்டை ரத்து செய்தல். பதிவிலுள்ள கைப்பேசி எண்ணை மாற்றச் செய்தல்.

* ஒரு மாதம் கழித்து இணையதளத்தில் கணக்கைப் பார்த்து, பெயர் மாறியதை உறுதி செய்தல்.

மேற்கண்டவற்றில் மின்சாரச் சட்டமும் 2020 ஆம் ஆண்டு விதிகளும் நாடு முழுமைக்கும் பொருந்தும் என்பதால், சென்னை, கோவை உள்ளிட்ட நகரங்களில் வாடகை வீட்டை விற்பவர்களும் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் சிறப்புக் கணக்கெடுப்பும் இறுதி ரசீதும் கோரலாம். கட்டண விகிதம், பெயர் மாற்ற நடைமுறை ஆகியன மட்டும் மாநிலத்திற்கு மாநிலம் மாறுபடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடைபெறுவதால், கைமாறும் நாளின் மீட்டர் அளவைக் குறித்துவைப்பது அங்கு இன்னும் முக்கியமாகிறது.